செல்லிக்குத் தலைமுழுகிய காலை

அவைக்குத் தலைமை தாங்கும் புளி மண்டிக் குப்புராஜ் அவர்களே, பென்னாகரத்துப் பெரியோர்களே, பகலெல்லாம் புளி தட்டிய கையோடு முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

ஒரு நாவலின் முதல் பிரதி முடிந்தது. அதற்கு ஒரு கூட்டம். பட்டணத்தில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

"புஸ்தகம் எப்பங்க வரும்?" என்கிறார் கூட்டத்தில் இருக்கும் மாதப்பன். யுத்தம் முடிந்துவிட்டது, ஐயா. அச்சடிக்கக் காகிதம்தான் இன்னும் ஊர் திரும்பவில்லை.

யுத்த காலத்துப் புளிப் பருவங்களை நினைக்கிறேன். தலைவரின் களம். வேப்பநிழல். மலைமலையாய்ப் புளியம்பழம். ஓடு உடையும் ஓசை. உரக்கப் படித்தால்தான் என் வாக்கியம் எனக்கே பிடிபடும். எழுதியதை எடுத்துக்கொண்டு அங்கே புளி தட்டும் இந்தத் தாய்மார்களிடம் போவேன். கணவன் கைவிட்ட செல்லி என்பவளின் கதை.

"அவ வூட்டுக்காரனுக்கு இன்னும் புத்தி வல்லீங்களா?" என்பார் நஞ்சம்மாள்.

"அவன் கெடக்கறான். புள்ள சாப்புட்டாளா, அதச் சொல்லுங்க" என்பார் ராமக்கா.

மறக்க முடியுமா அந்தக் குரல்களை? மறக்கத்தான் மனம் வருமா?

ஆனால் எனக்கு நம்பிக்கை போயிருந்தது. பாதியைப் படித்த கல்லூரித் தோழன், "எல்லாம் இருக்கிறது, உயிர் இல்லை" என்றான். செல்லி காய்ச்சலில் சாகும் அத்தியாயத்தோடு நிறுத்தினேன். களத்தில் ஒருமுறை படித்துவிட்டு, அத்தனையையும் அடுப்பில் போடுவதென்று முடிவு. படித்தேன். ஓடு உடையும் ஓசை நின்றது.

மறுநாள் காலை. களத்துக்கு வந்த அத்தனை பெண்களின் தலையும் ஈரம். ஈரம் பட்டால் புளி கெடும். தலைவர் வாசலிலேயே மறித்தார்.

"என்னம்மா இது, யாரு செத்தது?"

"செல்லிங்க. எழவு கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியுங்களா? தலைக்கு ஊத்திக்கிட்டு வந்தோம்" என்றார் நஞ்சம்மாள்.

"எந்த ஊரு செல்லி?"

"இவரு கதையில எழுதுன செல்லிங்க."

தலைவர் இப்போது சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை.

நான் பதறினேன். "இன்னும் ஒரு அத்தியாயம் இருக்குதுங்கம்மா. பொழைக்க வெச்சிடறேன்."

"அழுதாச்சு, தண்ணியும் ஊத்தியாச்சு. இனி எழுப்பிக் கூட்டியாந்தா எங்க மூஞ்சிய எங்கீங்க வெக்கிறது? பதினாறாம் நாளு எப்ப, அதச் சொல்லுங்க" என்றார் ராமக்கா.

"எழுதி முடிக்கிற அன்னைக்கு" என்றேன். வேறென்ன சொல்ல?

உயிர் இல்லை என்றானே தோழன். உயிர் இல்லாதவளுக்கா சாவு வந்தது? உயிர் இல்லாதவளுக்கா இத்தனை கூந்தல் நனைந்தது? அடுப்பை மறந்தேன். எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். ஆடி கழிந்தது. பிரதி முடிந்தது. செல்லி எழுந்திருக்கவில்லை. நான் அவளைச் சாகத்தான் விட்டேன். அவளை வாழ்ந்தவளாக்கியவர்கள் இவர்கள்.

பாராட்டுக் கூட்டம் என்று தட்டியில் எழுதியிருக்கிறார்கள். தாய்மார்கள் அப்படி நினைக்கவில்லை. பந்தலுக்குப் பின்னால் களி கிண்டியாயிற்று. அவரைக் குழம்பு கொதிக்கிறது. செல்லிக்காகச் சமைத்தது. வந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு உறவாக இருந்து சாப்பிட வேண்டும்.

இழவுச் சாப்பாட்டுக்குப் பின் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஆகவே போய்வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை. கைகூப்புகிறேன். நன்றி.