பேப்பரில் வந்த வசனம்

சனூன்: உண்மையைச் சொல்லு அருளப்பு, இண்டையான் பேப்பர் பாத்தனியோ?

அருளப்பு: எத்தினை தரம் கேப்பாய்? பாக்கேல்லை எண்டு சொன்னனான் தானே.

சனூன்: சும்மா கேட்டனான். எங்கட உப்புக்குளத்துப் புள்ள ஸில்மியாவின்ர படம் வந்திருக்கு, அதுதான்...

அருளப்பு: எங்க பாக்கிறது? சந்திக் கடையில ஒரு பேப்பரும் இல்லை. விடியக் காலமையே ஆரோ வந்து முழுதையும் வாங்கிக்கொண்டு போயிட்டானாம்.

சனூன்: ஓ... அப்பிடியோ.

அருளப்பு: என்ன ஓ?

சனூன்: ஒண்டுமில்லை. நண்டைத் தூக்கித் தராசில வை.

அருளப்பு: பொறு. ஐஸ் பெட்டிக்குப் பின்னால என்ன அது, கட்டாக் கிடக்கு?

சனூன்: எது?

அருளப்பு: அந்தா. பேப்பர்.

சனூன்: அது... மீன் சுத்த.

அருளப்பு: மீன் சுத்தவும் இண்டையான் பேப்பரோ? பழசு கிடைக்கேல்லையோ?

சனூன்: எங்கட தெருப் புள்ள வெளிநாட்டு விருது எடுத்திருக்கிறாள். தெருவில நாலு பேருக்குக் குடுக்க வேணாமோ?

அருளப்பு: அப்ப எனக்கும் ஒண்டு தா.

சனூன்: உனக்கேன்? கண்ணாடி இல்லாட்டி உனக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

அருளப்பு: என்ர மனிசி எடித் வாசிச்சுச் சொல்லுவாள்.

சனூன்: எடித்தோ? வேண்டாம், வேண்டாம்...

அருளப்பு: ஏன்ரா பதறுறாய்?

சனூன்: ஆர் பதறினது? நீ நண்டை வை.

அருளப்பு: சரி, விருது என்னத்துக்காம்?

சனூன்: அரசியல் உளவியலாம்.

அருளப்பு: அரசியலோ? எலக்சன் கேக்கப் போறாளோ?

சனூன்: விசரா, அது படிப்பு. சனம் ஏன் ஒருத்தரை ஒருத்தர் நம்புது, ஏன் பயப்பிடுது, பயம் வந்தா ஆருக்கு வோட்டுப் போடுது, ஆரோட சண்டைக்குப் போகுது... அதை ஆராயிறது. இஞ்ச விடத்தல்தீவு, முசலி, பேசாலை எல்லாம் திரிஞ்சு, ஆக்களிட்டக் கேட்டுக் கேட்டு எழுதினவள். அந்தப் படிப்புப் படிச்ச ஆக்களுக்கு வெளிநாட்டில ஒரு சங்கம் இருக்குதாம். இந்த வருசம் வந்த ஆய்வுகளில இவளின்ரதுதான் திறம் எண்டு அவை சொல்லியிருக்கினம்.

அருளப்பு: உன்னட்டயும் கேட்டவளோ?

சனூன்: என்னட்டக் கேக்க என்ன கிடக்கு? உன்னட்ட?

அருளப்பு: நான் கடலுக்குப் போறவன். எனக்கெங்க நேரம்?

சனூன்: ஓம், ஓம். உனக்கெங்க நேரம்... அந்தா ஆட்டோ ஒண்டு வருது. யா அல்லாஹ், அவள்தான்!

ஸில்மியா: சாச்சா! அங்கிள்! ரெண்டு பேரும் ஒரே இடத்தில. நல்லதாப் போச்சு.

சனூன்: வா புள்ள, வா. மாஷா அல்லாஹ்.

அருளப்பு: பெரிய சந்தோசம் பிள்ளை. எங்கட மன்னாரையே...

ஸில்மியா: இந்தாங்கோ, இனிப்பு. உம்மா கிண்டின தொதல். சனிக்கிழமை டவுணில எனக்குப் பாராட்டுக் கூட்டம் வைக்கினம். என்ன எழுதினனான் எண்டு தமிழில சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கினம். ரெண்டு பேரும் முன்வரிசையில இருக்கவேணும்.

சனூன்: அருளப்புக்குச் சனிக்கிழமை கடல்.

அருளப்பு: சனூனுக்குச் சனிக்கிழமை நண்டு ஏத்த லொறி வரும்.

ஸில்மியா: இதென்ன, ஆளுக்காள் மாறி மறுமொழி சொல்லுறீங்கள்?

சனூன்: நீ இரு புள்ள. நான் போய்ப் பிளேன்டீக்குச் சொல்லிப்போட்டு வாறன்.

அருளப்பு: ...போயிட்டானோ?

ஸில்மியா: ஓம், போயிட்டார். என்ன அங்கிள், முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?

அருளப்பு: பிள்ளை, கூட்டத்தில அந்த வசனத்தைச் சொல்லுவியோ?

ஸில்மியா: எந்த வசனம்?

அருளப்பு: பேப்பரில பெரிய எழுத்தில போட்டிருக்கிறாங்களே... 'பிரச்சினை ஒண்டு வந்தா அவன் எனக்குக் கதவு திறப்பானோ தெரியாது.' மகள் ஜெசிக்கா போனில காட்டினவள். அதுக்குப் பிறகு நான் சாப்பிடவேயில்லை.

ஸில்மியா: அதில பேரும் இல்லை, ஊரும் இல்லை, அங்கிள்.

அருளப்பு: பேர் என்னத்துக்கு? நான் ஆரோட தொழில் செய்யிறன் எண்டு ஊருக்கே தெரியும். நீ வந்து கேக்கேக்க மனசில இருந்ததை நான் சொல்லிப்போட்டன். அது என்ர வாய் எண்டு சனூன் கண்டவுடன பிடிச்சுப்போடுவான். பிறகு எந்த முகத்தோட அவன்ர இந்த மீன் வாடிக்கு நண்டு கொண்டு வாறது?

ஸில்மியா: அங்கிள், ஆர் என்ன சொன்னவை எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. அது எங்கட படிப்பில கட்டாயம்.

அருளப்பு: நீ சொல்லமாட்டாய், தெரியும். ஆனா மேடையில அதை விட்டிடு. மாதாவாணை, விட்டிடு... உஷ், வாறான்.

சனூன்: என்ன ரெண்டு பேரும் குசுகுசுக்கிறீங்கள்?

அருளப்பு: தொதல் நல்லாயிருக்கு எண்டு சொன்னனான்.

சனூன்: பெட்டி இன்னும் திறக்கேல்லையே?

அருளப்பு: மணத்தில தெரியாதோ! நான்... எஞ்சினை ஒருக்கா பாத்திட்டு வாறன்.

சனூன்: புள்ள, அவன் வரமுதல் கேளு. சனிக்கிழமை அந்த வசனத்தைச் சொல்லிப்போடாதை.

ஸில்மியா: நீங்களுமோ?

சனூன்: என்ன நீங்களும்?

ஸில்மியா: இல்லை... நீங்கள் சொல்லுங்கோ, சாச்சா.

சனூன்: கதவு திறப்பானோ தெரியாது எண்டு நான் சொன்னதை அப்பிடியே போட்டிருக்கிறாங்கள். விடிய ஓடிப்போய்ச் சந்திக் கடையில இருந்த பேப்பரை எல்லாம் அள்ளினனான். அருளப்பு கண்டா உடைஞ்சு போடுவான், புள்ள. இஞ்ச ஒண்டாப் படிச்சனாங்கள். இருபது வருசம் புத்தளத்தில கிடந்திட்டுத் திரும்பி வந்து இந்த வாடியைப் போடேக்க, ஒருத்தரும் எனக்கு மீன் தரேல்லை. முதல் கூடை நண்டு கொண்டந்து வச்சவன் அவன்தான். அவனைப் பற்றி அப்பிடிச் சொன்னனானே எண்டு... ஏன் சிரிக்கிறாய்? அழுறியோ?

ஸில்மியா: ரெண்டும்தான், சாச்சா. அங்கிள்! எஞ்சினை விட்டிட்டு வாங்கோ!

சனூன்: சொல்லிப்போடாதை!

ஸில்மியா: நான் ஒண்டும் சொல்லமாட்டன்.

அருளப்பு: என்ன, என்ன நடந்தது?

ஸில்மியா: ஒரு விசயம் மட்டும் சொல்லுறன். பேப்பரில வந்ததைச் சொன்னது ஒரு பொம்பிளை. இன்னொரு பொம்பிளையைப் பற்றிச் சொன்னவ. நான் எழுதினது 'அவள்' எண்டு. பேப்பரில 'அவன்' எண்டு மாத்திப் போட்டிட்டினம்.

அருளப்பு: பொம்பிளையோ? மாதாவே! அப்ப அது நான் சொன்னதில்லையோ?

சனூன்: நீ சொன்னதோ? நீ என்ன சொன்னனீ?

அருளப்பு: நானோ... நான் ஒண்டும்...

சனூன்: நீ கடலுக்குப் போறவன், உனக்கு நேரமில்லை எண்டாய்!

அருளப்பு: நீ மட்டும் என்ன? மீன் சுத்தவோ அந்தப் பேப்பர் கட்டு?

சனூன்: அது... நானும் அதைத்தான் சொன்னனான். உன்னைப் பற்றி.

அருளப்பு: என்னைப் பற்றியோ?

சனூன்: ஓம்.

அருளப்பு: நான் உன்னைப் பற்றிச் சொன்னனான்.

ஸில்மியா: உங்கட வாயாலயே சொல்லியாச்சு. இனி நானும் கதைக்கலாம். முசலியிலயும் அதைத்தான் சொன்னவை, பேசாலையிலயும் அதைத்தான். முஸ்லிம் ஆக்களும் சொன்னவை, மாதாவைக் கும்பிடுற வேதக்கார ஆக்களும் சொன்னவை. அவை வந்து தட்டினா நாங்கள் திறப்பம், ஆனா நாங்கள் தட்டினா அவை திறப்பினமோ தெரியாது எண்டு. தங்களைத்தான் மற்ற ஆக்கள் நம்பேல்லை எண்டு ரெண்டு பக்கமும் நினைச்சுப் பயந்துகொண்டிருக்கு. நான் கண்டுபிடிச்சது அவ்வளவுதான். அதுக்குத்தான் விருது.

அருளப்பு: அப்ப எங்கட பயத்துக்கோ பிள்ளை விருது குடுத்தவை?

சனூன்: அல்ஹம்துலில்லாஹ். இப்பதான் எனக்கு மூச்சு வருது.

அருளப்பு: எனக்குப் பசியே வந்திட்டுது. அந்தத் தொதலைத் திற, பிள்ளை.

சனூன்: திண்டுகொண்டு சொல்லு. நான் திறக்கமாட்டன் எண்டு நீ ஏன் நினைச்சனீ?

அருளப்பு: ஈஸ்டர் அண்டு குண்டு வெடிச்ச கிழமை உனக்குப் போன் எடுத்து எடுத்துக் களைச்சுப் போனன். நீ தூக்கவேயில்லை.

சனூன்: உன்ர சனம் கோயிலுக்குள்ள செத்துக் கிடக்குது. நான் தூக்கி என்னத்தைக் கதைக்கிறது? அது அடிக்க அடிக்கப் பாத்துக்கொண்டிருந்தனான். வெக்கமாக் கிடந்தது, அருளப்பு.

அருளப்பு: நீயோ குண்டு வச்சனீ? கடையெல்லாம் பூட்டு, வீட்டில அரிசி சாமான் இருக்கோ எண்டு கேக்கவெல்லோ நான் எடுத்தனான்.

சனூன்: அரிசியோ...

அருளப்பு: ஓம், அரிசி. இப்ப நீ சொல்லு. நீ ஏன் அப்பிடிச் சொன்னனீ?

சனூன்: அது பழைய கதை. விடு.

அருளப்பு: நான் சொன்னனான் எல்லோ?

ஸில்மியா: சொல்லுங்கோ, சாச்சா. இண்டைக்கு விட்டா இனி எப்ப?

சனூன்: தொண்ணூறில இயக்கம் எங்கட முஸ்லிம் ஆக்களை ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்ன அண்டைக்கு, உன்னட்டச் சொல்லிட்டுப் போவம் எண்டு உங்கட வீட்டுக்கு ஓடி வந்தனான். கதவு பூட்டிக் கிடந்தது. தட்டினன். உன்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டன். வாப்பா அங்கால நிண்டு கத்திறார், வள்ளம் வெளிக்கிடப் போகுதெண்டு. நான் விடாமல் தட்டினன்... நீ உள்ளுக்க இருந்துகொண்டுதான் திறக்கேல்லை எண்டு நினைச்சனான்.

அருளப்பு: நாங்கள் அப்ப சண்டைக்குப் பயந்து மடு மாதா கோயிலில அகதியா மரத்துக்குக் கீழ கிடந்தமடா... திரும்பி வந்து பாக்கேக்க உங்கட தெருவில ஒரு குஞ்சும் இல்லை. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டான் எண்டுதானே நான் இவ்வளவு காலமும் உன்னில கோவத்தை வச்சுக்கொண்டு திரிஞ்சனான்... நீ வந்து தட்டினனீ எண்டு எனக்குத் தெரியாதடா, சனூன்.