சிவப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம்

விளக்கை அணைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். இது என் சிநேகிதி யுக்லானுடைய மாமாவுக்கு நடந்தது. அவள் வாயாலேயே கேட்டேன்.

இரவு பதினொன்றரை... ஏழாம் மாதம், செத்தவர்கள் திரும்பி வருகிற மாதம். எங்கள் ஊர் ஷாம் ஷுய் போ பேட்டையில், தியேட்டருக்குப் போகிற சந்தில் ஆளே இல்லை. செத்தவர்களுக்காக எரித்த காகிதம் ஓரமாகக் கனன்றுகொண்டிருந்தது. ஆரஞ்சுத் தோல் கருகிய வாசனை. யுக்லானும் மாமா சியக்நாமும் நடந்தார்கள்.

மாமா சினிமா டைரக்டர். கையை நீட்டிக்கொண்டு குதித்துக் குதித்து வருமே பிணம், அதை வைத்து ஒரு சிரிப்புப் படம் எடுத்திருந்தார். செத்துப்போன பெண்டாட்டி புருஷனை அடுப்படி முழுக்கத் துரத்துவாள். கடைசியில் அவன் அவள் நெற்றியில் மந்திரம் எழுதிய மஞ்சள் காகிதத்தை ஒட்டிவிட்டுத் தப்பிவிடுவான். பெண்டாட்டியாக நடித்தது மாமாவின் மனைவியேதான், லாய்வா அத்தை. படப்பிடிப்பு முடிந்த கையோடு காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமா அழவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், படத்தை வெட்டி ஒட்டினார். கிள்ளினால்கூட அவருக்குத் தெரிந்திருக்காது என்றாள் யுக்லான்.

எங்கள் ஊரில் புதுப் படத்தை முதலில் நள்ளிரவுக் காட்சியாகத்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். ஜனம் வாய்க்கு வந்தபடி திட்டும். படம் எடுத்தவர்கள் பின்னால் நின்று கேட்டுக்கொள்வார்கள். திட்டு வாங்கிய இடத்தை மறுநாள் வெட்டிவிடுவார்கள். அடுப்படிக் காட்சி ரொம்ப நீளம், யாரும் சிரிக்காவிட்டால் தூக்கிவிடுவேன் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தார். அத்தை முழுசாக வருவது அந்த ஒரு காட்சியில்தான். அதுவும் போனால் மாமாவுக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

கூட்டம் நிரம்பி வழிந்தது. ஏழாம் மாதம் ஆனதால் முதல் வரிசையை மட்டும் சிவப்புக் கயிறு கட்டிக் காலியாக விட்டிருந்தார்கள். அது இந்த உலகத்து ஆட்களுக்கு இல்லை.

ஜனம் பாவம் பார்க்கவில்லை. பிணத்துக்குப் பூசிய மாவில் நூடுல்ஸ் பண்ணலாம் என்றான் ஒருவன். புருஷன் மூஞ்சியைவிடப் பிணம் லட்சணம் என்றாள் ஒரு அம்மாள். அடுப்படிக் காட்சி வந்தது. யாரும் சிரிக்கவில்லை... பூசணி விதை கொறிக்கிற சத்தம் மட்டும்.

"எவ்வளவு நேரம்டா குதிப்பா? அவளுக்குக் கால் வலிக்காதா?"

அப்போது முன்னாலிருந்து ஒரு சிரிப்பு. பெண் சிரிப்பு. முடிகிற இடத்தில் ஒரு விக்கல்... லாய்வா அத்தைக்குச் சிரித்தால் விக்கல் வரும்.

அது தொற்றிக்கொண்டது. கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. மாமா மெதுவாக இறங்கிப் போனார். கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்து, முதல் வரிசையில் உட்கார்ந்தார். படம் முடிகிறவரை இடது பக்கம் சாய்ந்து எதையோ கேட்டுக்கொண்டே இருந்தார்.

விளக்கு வந்ததும் யுக்லான் ஓடினாள்.

"மாமா, காட்சி தப்பிச்சுது. ஒருத்தரும் இனிமே வெட்டச் சொல்ல மாட்டாங்க."

"அவளுக்கு முடிவு பிடிக்கலையாம்." குரலில் ஒன்றுமே இல்லை. "புருஷன் தப்பிச்சுப் போகக்கூடாதாம்."

"திருப்பி எடுக்க அத்தை வேணுமே மாமா..."

"அவ வர வேண்டாமாம். நான் போனாப் போதுமாம்."

எழுந்தால் தானாக மடங்கிக்கொள்கிற நாற்காலிகள். மாமா எழுந்தார். டக். பக்கத்து நாற்காலி விரிந்தே இருந்தது... கொஞ்சம் பொறுத்து அதுவும், டக்.

மறுநாள் மாமா எடிட்டிங் அறைக்கு வரவில்லை. யுக்லான் அவர் வீட்டுக்குப் போன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள். இரவுக் காட்சிக்குத் தனியாகத்தான் போனாள்.

அடுப்படிக் காட்சி. முன்னாலிருந்து அதே சிரிப்பு, அதே விக்கல். கூடவே ஓர் ஆண் சிரிப்பு. மாமாவுடையது. அத்தை போன பிறகு அவர் சிரித்து அவள் கேட்டதே இல்லை. வந்துவிட்டார் என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்ததாம்.

படம் முடிந்து விளக்கு வந்தது. அவள் முன்னால் போனாள். சிவப்புக் கயிறு கட்டியபடி இருந்தது. அந்த வரிசையில் யாரும் இல்லை. இரண்டு நாற்காலிகள் மட்டும் விரிந்திருந்தன.

டக்...

டக்.