பெங்களூர் ஆளுக்குப் பாலக்கோட்டு வரி

…பின்ன என்னங்க சார்! தொக்கு பாலக்கோட்டுத் தக்காளி, மொதலாளி பாலக்கோட்டுக்காரி, சம்பளம் போறது பாலக்கோட்டுப் பேங்க்லருந்து. வரி மட்டும் கர்நாடகாவுக்குக் கட்டணுமாம்! கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, பைய வெக்கணும். அட, அத ஏன் காதுல மாட்டறீங்க, பெங்களூர் வரைக்கும் பேச ஆள் வேணாமா?

எம்பேரு சென்னம்மாள். ‘சென்னம்மாள் தக்காளித் தொக்கு’ன்னு பாட்டில்ல போட்டிருக்கும், பாத்திருப்பீங்க. இல்லயா? சரி வுடுங்க. ஊர்ல பதினேழு பேரு வேல செய்யறாங்க, பெங்களூர் கடையில மூணு பேரு. அங்க எல்லாம் அன்ஜும் பொறுப்பு. எங்க பக்கத்துப் பொண்ணு, கட்டிக்குடுத்து அங்க இருக்கா. கன்னடம், உருது, தமிழு... வெளுத்து வாங்குவா! எனக்குக் கன்னடத்துல ‘சொல்ப அட்ஜஸ்ட் மாடி’, கொஞ்சம் அனுசரிச்சுக்கங்க, அது மட்டுந்தான் வரும். அதையும் வரி ஆபீஸ்ல சொல்லிப் பாத்துட்டேன். அந்த ஆபீசரு சிரிக்கவே இல்ல சார்.

இந்தத் தொழில்வரி இருக்குதில்ல, சம்பளத்துல புடிச்சு மொதலாளி கட்டறது? ஆளு எங்க வேல செய்யறாங்களோ அங்கதான் கட்டணுமாம். நான் இருபது பேருக்கும் பாலக்கோட்டுலயே கட்டிட்டேன். ரெண்டு வருசம்! இப்ப கர்நாடகாவுலருந்து நோட்டீசு. வட்டி, அபராதம்... அது கெடக்குது. ரெண்டு வருச வரியையும் ஒரே மாசத்துல பெங்களூர் மூணு பேரு சம்பளத்துல புடிச்சுட்டேன்.

அன்ஜும் போன்ல கேக்கறா, “அக்கா, நான் ஒரு நாளாவது பாலக்கோட்டுல வேல செஞ்சிருக்கேனா? ரெண்டு ஊருக்கும் நானே கட்டணுமா?” கோவத்துல டப்புன்னு கட் பண்ணிட்டேன். அவ கடைச் சாவியப் பக்கத்துக் கடையில குடுத்துட்டு வூட்டுக்குப் போயிட்டா. மத்த ரெண்டு பேரும் அவ பின்னாலயே. நாலு நாளா கடை பூட்டிக் கெடக்குது. அவ இல்லன்னா அந்தக் கடையே இல்ல சார். எனக்குச் சோறு எறங்கல.

ஆடிட்டரா? மாதவராஜ் தங்கமான மனுசன், மூணு தடவ சொன்னாரு. நாந்தான்... அது வந்து... எங்க வியாபாரிங்க சங்கத்துல, யாரு நெறைய பேருக்குத் தொழில்வரி கட்டறாங்களோ அவங்கள மேடையேத்திப் பொன்னாடை போத்துவாங்க. மண்டிக்கார குப்புராஜுக்குப் பத்தொம்பது பேரு. எனக்குப் பதினேழு. பெங்களூர் மூணையும் சேத்தா இருபது! வருசா வருசம் அந்தாளே வாங்கிட்டுப் போனா எப்பிடிங்க பாத்துட்டிருக்கறது?

ஏன் என் தோளையே பாக்கறீங்க? ஓசூர் வந்தாலே குளுருதுன்னு போத்திக்கிட்டேன். ஆமாங்க, அதேதான்!

புடிச்ச பணம் பையில இருக்குது. ‘தப்பு என்னுதுதான், வா அன்ஜும், கடையத் தொற’ன்னு கேக்கணும். வாய் வரமாட்டேங்குது சார், அதான் உங்ககிட்ட சொல்லிப் பாத்தேன். சரியா வருதுங்களா? சார்? ஏன் எந்திரிச்சுட்டீங்க? எலக்ட்ரானிக் சிட்டின்னு டிக்கெட் வாங்குனீங்களே... இது அத்திப்பள்ளிங்க! சார்!

போயிட்டாரு.

வாம்மா, காலிதான், ஒக்காரு. எங்க, பெங்களூரா? எம்பேரு சென்னம்மாள். நான் ஒரு தப்பு பண்ணிட்டேம்மா...