ஓட்டை எங்கே?

அக்கா: சாப்பாட்டு மணி அடிச்சாச்சு. பட்டறையில காத்துல ஓடுற சுத்தியல் எல்லாம் நின்னாச்சு. காத்தடிக்கிற மெஷின் மட்டும் யாருக்குடா ஓடுது?

தம்பி: அதைவிடு. நீ எதுக்கு ஒவ்வொரு குழாயிலயும் காதை வச்சுக்கிட்டு... ஒட்டுக்கேக்குறியா?

அக்கா: ஓட்டை தேடுறேன். இங்க எங்கயோ காத்து கசியுது.

தம்பி: இன்ஜினியரம்மாவுக்கு வேற வேலையே இல்லையா?

அக்கா: இதுதான்டா என் வேலை! காத்தை அழுத்திக் குழாயில ஏத்த எவ்வளவு கரண்ட் தெரியுமா? ஒரு டன் இரும்புக்கு இவ்வளவு கரண்ட், இவ்வளவு கரிப்புகைன்னு மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும். உங்க பட்டறைதான் என் மானத்தை வாங்குது.

தம்பி: எந்தப் பட்டறையில உருப்படி ஜாஸ்தி? அதையும் சொல்லு.

அக்கா: அதான் ஆச்சரியம். இந்தக் கோடையில மத்த பட்டறை எல்லாம் படுத்துடுச்சு. நீங்க மட்டும்...

தம்பி: நாங்க உழைக்கிறோம்.

அக்கா: போன கோடையில தூங்கினீங்களா?

தம்பி: சாப்பாடு ஆறுது, நான் போறேன்.

அக்கா: டேய், என் மூஞ்சியைப் பாரு.

தம்பி: சரி... ஓட்டைதான். நான்தான் போட்டேன். போதுமா?

அக்கா: எங்க?

தம்பி: சொல்லமாட்டேன். அடைச்சிடுவே. போன வருஷம் மாமா வெக்கை தாங்காம உலைக்கு முன்னால சுருண்டு விழுந்தாரே, மறந்துட்டியா?

அக்கா: கட்டினவளுக்கு மறக்குமாடா?

தம்பி: ஃபேன் கேட்டோம். கரண்ட் செலவாகும், புகைக் கணக்கு ஏறும்னாங்க. இப்ப ஓட்டை வழியாக் காத்து எங்க மேல படுது. ஒருத்தரும் விழல.

அக்கா: மக்கு! அந்தக் காத்துக்கு ஆகுற கரண்ட்ல பட்டறை முழுக்க ஃபேன் ஓடும்டா.

தம்பி: அதைப் போய் மேனேஜர்கிட்ட சொல்லு!

அக்கா: சொல்லிச் சொல்லி வாய்தான் வலிச்சுது.

தம்பி: அப்ப நானும் அடைக்க விடமாட்டேன். போய் என் பேரைச் சொல்லு. வேலை போனா போகட்டும்.

அக்கா: உன் பேரைச் சொல்ல முடியாது.

தம்பி: ஏன், திடீர்னு பாசமா?

அக்கா: மண்ணாங்கட்டி. வேற பேரைச் சொல்லியாச்சு.

தம்பி: ஐயோ அக்கா... பாவம், யாரை மாட்டிவிட்டே?

அக்கா: என்னைத்தான். சோதனைக்காக நான்தான் ஓட்டை போட்டேன், உற்பத்தி ஏறியிருக்கு பாருங்க, ஃபேன் வர்ற வரைக்கும் அடைக்கமாட்டேன்னு காலையிலயே மேனேஜர்கிட்ட நேருக்கு நேர் சொல்லிட்டேன். இப்ப அதைப் பார்க்க அவரே வந்துக்கிட்டிருக்காரு... நான் போட்ட ஓட்டை எங்கடா இருக்கு, சீக்கிரம் காட்டு!