பூந்திக்குப் பரீட்சை

சுடர்விழி: …பிஸ்கட்ட முதுகுக்குப் பின்னால வெச்சுக்க சிலம்பு. அத பாத்துட்டா நாய்க்குட்டி நம்ம மூஞ்சிய எங்க பாக்கப்போவுது? ம், இப்ப சொல்லு.

சிலம்பரசன்: அஸ்ஸி.

சுடர்விழி: கெஞ்சாத. உத்தரவா சொல்லு.

சிலம்பரசன்: அஸ்ஸி! டேய் பூந்தி… அஸ்ஸிடா!

சுடர்விழி: வாலாட்டுது.

சிலம்பரசன்: வாலாட்டவா சொன்னேன்? உக்காரச் சொன்னேன்.

சுடர்விழி: அதுக்கு எப்படித் தெரியும், பாவம்? நேத்து ராத்திரி படுக்கிற வரைக்கும் உக்கார்றதுன்னா சேதூத்தோ. காலைல எழுந்ததும் அஸ்ஸின்னா…

சிலம்பரசன்: அந்த வார்த்தைய சொல்லாத! பாரு, உக்காந்துட்டுது.

சுடர்விழி: எம்மாம் புத்தி பாத்தியா! இன்னும் பால்பல்லு வுழல, ஒரு தடவ சொன்னா போதும். ஆனா என்னா, படிச்ச பாஷதான் தப்பாப் போச்சு.

சிலம்பரசன்: திரும்பவும் ஆரம்பிக்காத சுடர்.

சுடர்விழி: நான் எங்க ஆரம்பிச்சேன்? ஆரம்பிச்சது நீ. "நான் ஸ்கூட்டர் வாடகைக்கு வுடறவன்டி, தெனம் பிரெஞ்சுக்காரங்களோடதான் பொழங்கறேன், நாய்க்கு நான் கத்துத்தரேன்"ன்னு யாரு சொன்னது?

சிலம்பரசன்: பொழங்கறேன்தான. எனக்கு வார்த்தைங்கள சொல்லிக்குடுத்த அந்தத் தாடிக்காரரு வெள்ளையா இருந்தாரு, வண்டி எடுத்தாரு. பாண்டிச்சேரிக்கு வர்ற வெள்ளக்காரன் வேற யாரா இருப்பான்?

சுடர்விழி: எந்த ஊருன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.

சிலம்பரசன்: பிரெஞ்சுக்காரரப் பாத்து எந்த ஊருன்னு கேட்டா நம்மளப் பத்தி என்னா நெனைப்பாரு?

சுடர்விழி: இப்ப மட்டும்? நேத்து ஒரு நெசமான பிரெஞ்சு அம்மாகிட்ட பூந்தி வீடியோவ காட்டினியே, வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாங்களே…

சிலம்பரசன்: சிரிக்கல. பாராட்டினாங்க. "உங்க நாய் இத்தாலி பாஷை நல்லா புரிஞ்சுக்குது"ன்னாங்க.

சுடர்விழி: அப்பவே அவங்ககிட்ட நாலு வார்த்த சரியா கேட்டிருக்கக் கூடாதா?

சிலம்பரசன்: கேட்டேனே. அஸ்ஸி ஒண்ணுதான் வாங்க முடிஞ்சுது. மிச்சத்த சொல்றதுக்குள்ள திரும்பவும் சிரிப்பு வந்துடுச்சு.

சுடர்விழி: பத்து மணிக்கு வீட்டுக்காரரு பூந்திக்குப் பரீட்சை வெக்க மேல வந்துருவாரு. இவரு வீட்டுல தெருநாய் இருக்கக்கூடாதாம். பிரெஞ்சு தெரிஞ்ச தெருநாய் இருக்கலாமாம். எந்த ஊரு சட்டமோ!

சிலம்பரசன்: அவரு பிரெஞ்சு நேஷனாலிட்டிடி. பதினாலு ஜூலை, பிரான்ஸோட தேசிய நாளன்னிக்கு, மெடல் குத்தின மாதிரி நெஞ்ச நிமித்திக்கிட்டு பீச்சுல நிக்கிறாரு. பாரிஸ்ல எலெக்‌ஷன்னா முதலியார்பேட்டை டீக்கடைல முடிவு சொல்றாரு. அவரு காதுல இத்தாலிய வுட்டா கண்டுபுடிக்க மாட்டாரா?

சுடர்விழி: கண்டுபுடிச்சா?

சிலம்பரசன்: பூந்தி இன்னிக்கே காலாப்பட்டு. எங்க சித்தப்பா வூட்டுக்கு.

சுடர்விழி: உங்க சித்தப்பா நாய் வளக்கல, சங்கிலி வளக்கறாரு. இது புள்ளச்சாவடில மீன் பொட்டிக்கு அடியில கெடந்ததுடா. நான் எடுத்தப்ப கண்ணு கூட சரியா தொறக்கல. சங்கிலில கட்டவா எடுத்தாந்தேன்? முடியாது. திரும்பச் சொல்லு.

சிலம்பரசன்: அஸ்ஸி.

சுடர்விழி: திரும்ப.

சிலம்பரசன்: அஸ்ஸி… ஐயோ, பிஸ்கட்டு வாசன தெரிஞ்சுபோச்சு! உக்காருது, படுக்குது, கைய குடுக்குது… மொத்தப் பாடத்தையும் ஒரே மூச்சுல ஒப்பிக்குது பாரு!

சுடர்விழி: எதுக்காவது ஒண்ணுக்கு மார்க் வுழும்னு பாக்குது. நீ பரீட்சை எழுதின மாதிரியே.

சிலம்பரசன்: விளையாடாத. மணி ஆவுது.

சுடர்விழி: சரி, கேளு. வார்த்தைய வுடு. கையால காட்டுவோம். நீ வாயில என்னாத்தையாவது முணுமுணு, நான் பக்கத்துல நின்னு கைய கீழ காட்டுறேன், உக்காந்துடும்.

சிலம்பரசன்: காட்டு… ம், உக்காருது. உள்ளங்கைய நீட்டு… குடுக்குது! ஏய், நீ இதுக்குன்னே பொறந்தவடி.

சுடர்விழி: செருப்புச் சத்தம். வந்துட்டாரு. மூஞ்சிய தொடைச்சுக்க.

கன்னியப்பன்: போன்ழூர்!

சிலம்பரசன்: போன்ழூர் முசியே. வாங்க, வாங்க. சேர்ல உக்காருங்க.

கன்னியப்பன்: மெர்சி. நான் நிக்கிறேன். கேண்டிடேட்டு எங்க?

சுடர்விழி: உங்க காலுகிட்டதான் நிக்குது முசியே. பூந்தி, நக்காத.

கன்னியப்பன்: பூந்தியா? பேரே டிசிப்ளின் இல்லியேம்மா. போவட்டும். மொதல்ல அடிப்படை. மூத்திரம்?

சுடர்விழி: மொட்டமாடி மூலைல மண்ணு கொட்டி வெச்சிருக்கேன். அங்கதான் போவும். வேற எங்கயும் கெடையாது.

கன்னியப்பன்: என் குரோட்டன்ஸ் தொட்டி?

சுடர்விழி: மொத வாரம் மட்டும்… ஒருவாட்டி.

கன்னியப்பன்: வாடினது ஏன்னு இப்ப தெரியுது. ராத்திரி கொலைக்குதா?

சுடர்விழி: காலிங்பெல் அடிச்சா மட்டும்.

கன்னியப்பன்: ம். பிரான்ஸ்ல நாயிங்க ஓட்டலுக்குள்ளயே வருமாம், தெரியுமா? மேசைக்கு அடியில உக்காந்தா சத்தம் வராதாம். ஏன்? பாஷை. பாஷை இருந்தா ஒழுங்கு தன்னால வரும். ஆரம்பிங்க தம்பி. அம்மா, நீங்க இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. கைய கட்டிக்குங்க.

சுடர்விழி: கையையா?

கன்னியப்பன்: கைய காட்டினா குரங்கு கூட ஆடும். வார்த்தைக்குக் கட்டுப்படணும். தம்பி, நீங்களும்.

சிலம்பரசன்: …சுடர்?

சுடர்விழி: கட்டிக்க. சொல்லு. தெரிஞ்சத சொல்லு.

சிலம்பரசன்: அ… அஸ்ஸி.

கன்னியப்பன்: உக்காரலியே.

சிலம்பரசன்: புது ஆளப் பாத்து கூச்சம் முசியே.

சுடர்விழி: சிலம்பு, என்னா ஆனாலும் பரவால்ல. அதுக்குத் தெரிஞ்சத சொல்லு.

சிலம்பரசன்: …சேதூத்தோ!

கன்னியப்பன்: ஆஹா! உக்காந்துடுச்சு!

சிலம்பரசன்: தெர்ரா!

கன்னியப்பன்: படுத்துடுச்சே!

சிலம்பரசன்: ரெஸ்தா… ரெஸ்தா… அப்படியே இருக்கணும்… வியேனி!

கன்னியப்பன்: அடேயப்பா! ஓடியாருது பாரு! த்ரே பியான்! த்ரே பியான்! தம்பி, என்னா உச்சரிப்பு! அசல் பாரிஸ்!

சிலம்பரசன்: …பாரிஸா முசியே?

கன்னியப்பன்: காதுல வுழுந்ததுமே தெரிஞ்சுதே. நம்ம ஊரு வாத்தியாருங்க சொல்லிக்குடுக்கிற பிரெஞ்சு வேற, இது வேற. இதுல ஒரு… ஒரு இது இருக்கு.

சுடர்விழி: இருக்கு முசியே. இருக்கு.

கன்னியப்பன்: கைய குடுன்னா?

சிலம்பரசன்: ஸாம்ப்பா!

கன்னியப்பன்: குடுக்குது! எனக்கே குடுக்குதும்மா! எம்மாம் சின்னக் கை…

சுடர்விழி: அப்ப… பூந்தி இருக்கலாமா முசியே?

கன்னியப்பன்: இருக்கட்டும். பாஸ். சர்ட்டிபிகேட் கேட்டா கூட குடுப்பேன்.

சிலம்பரசன்: மெர்சி முசியே! ரொம்ப மெர்சி! சுடர், காப்பி போடு.

கன்னியப்பன்: காப்பியெல்லாம் வேணாம். தம்பி… வந்து… அந்த மொத வார்த்தை. உக்கார்றதுக்கு. இன்னொரு தடவ சொல்லுங்க, மெதுவா.

சிலம்பரசன்: சேதூத்தோ.

கன்னியப்பன்: சே… தூத்தோ. இங்க வான்றதுக்கு?

சிலம்பரசன்: வியேனி. ஏன் முசியே, உங்களுக்குத் தெரியாததா?

கன்னியப்பன்: தெரியாம என்னா! அங்க இப்ப எல்லாம் புதுசா பேசறாங்களாம். எங்க காலத்துது பழசு. அதான்… வியேனி. வியேனி. கைய குடு… ஸாம்ப்பா. சரியா?

சிலம்பரசன்: கரெக்ட்டு முசியே. அசல் பாரிஸ்.

சுடர்விழி: சிலம்பு, சும்மா இரு. முசியே, இது யாருக்கு?

கன்னியப்பன்: யாருக்கும் இல்லம்மா. சும்மா.

சுடர்விழி: சும்மா எதுக்கு மூணு வாட்டி சொல்லிப் பாக்குறீங்க?

கன்னியப்பன்: …வர்ற வெள்ளிக்கெழம பிரான்ஸ்லேந்து என் புள்ள வரான். பேத்திய கூட்டிக்கிட்டு. மொத தடவ. அஞ்சு வயசு. ஏர்போர்ட்டுல எறங்கினதும் தாத்தா ரெண்டு வார்த்த அவ பாஷைல பேசணும்ல?

சிலம்பரசன்: பேசுங்க முசியே, நல்லா பேசுங்க! சுடர், காப்பி போடுன்னேன்ல. உள்ள போ.

சுடர்விழி: போவல.

சிலம்பரசன்: சுடர், வேணாம். இப்பதான் பாஸ் ஆச்சு.

சுடர்விழி: அந்தக் கொழந்தகிட்ட போயி ஸாம்ப்பான்னு கைய நீட்டப்போறாரு சிலம்பு. உங்க சித்தப்பா வூட்டுச் சங்கிலிக்குப் பயந்துக்கிட்டு இவர அனுப்பி வெக்கச் சொல்றியா?

கன்னியப்பன்: என்னாம்மா… என்னா விஷயம்?

சுடர்விழி: முசியே, அது பிரெஞ்சு இல்ல.

கன்னியப்பன்: எது?

சுடர்விழி: எல்லாமே. அஸ்ஸி மட்டுந்தான் பிரெஞ்சு. அதனாலதான் பூந்தி உக்காரல. மத்ததெல்லாம் இத்தாலி. இவருக்குச் சொல்லிக்குடுத்த ஆளு இத்தாலிக்காரரு. ஸாம்ப்பான்னா மனுசங்க கை கூட இல்லியாம், பிராணியோட பாதமாம். தெரிஞ்சும் உங்கள ஏமாத்தினோம். பூந்திய அனுப்பணும்னா அனுப்பிடுங்க. ஆனா அந்த வார்த்தைங்கள மட்டும் பேத்திகிட்ட சொல்லிடாதீங்க.

சிலம்பரசன்: முடிஞ்சுது. நான் போயி சித்தப்பாவுக்குப் போன் பண்றேன்.

கன்னியப்பன்: எதுக்குத் தம்பி போன்? உக்காருங்க. பூந்திக்குப் போட்ட பாஸ்ஸ நான் திருப்பி வாங்கறதில்ல… எங்கப்பா பிரெஞ்சுல கனவே கண்டாரு. எம்புள்ள அந்த ஊர்லயே சம்பாரிக்கிறான். நடுவுல எனக்கு வந்தது பாஸ்போர்ட்டு மட்டுந்தாம்மா. போன்ல பேத்தி மூச்சு வுடாம பேசும், நான் "உய், உய்"ன்னு ஆமா போட்டுட்டு புள்ளகிட்ட குடுத்துடுவேன். அதுக்குத்தான் இந்தப் பரீட்சையே. நாய்க்குச் சொல்லித்தர சாக்குல நீங்க நாலு வார்த்த பேசுவீங்க, காதுல வாங்கிக்கலாம், யாருக்கும் தெரியாதுன்னு பாத்தேன்… அந்த அஸ்ஸிய மட்டும் இன்னொரு தடவ சொல்லும்மா. நானும் பூந்தியும் சேந்து கத்துக்கறோம்.