இருபத்தேழாம் கடிதம்

நாற்காலிகளை வரிசையாகப் போடுவதைவிட வட்டமாகப் போட்டால் மக்கள் குறைவாகச் சண்டையிடுவார்கள் என்பது என் நெடுநாள் அனுபவம், ஐயா. முதுகைப் பார்த்துக் கத்துவது எளிது. முகத்தைப் பார்த்துக் கத்தச் சிலரால்தான் இயலும். ஆகவே, பணிமனைச் சாலைக் குடியிருப்பின் மறுசீரமைப்புத் திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தன்று, ஒரு மணி நேரம் முன்னதாகவே பள்ளிக்கூடக் கூடத்துக்குச் சென்று, அறுபது நாற்காலிகளையும் என் கையாலேயே வட்டமாக அமைத்தேன். என்னைப் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நகரமன்றத்தில் நான் கருத்துப் பதிவாளர். குடியிருப்போர் சொல்வதையும் எழுதித் தருவதையும் எண்ணித் தொகுத்து அறிக்கையாக்குவது என் பணி. இருபது பேர் தனித்தனியே ஆட்சேபித்தால் திட்டம் நிறுத்திவைக்கப்படும் என்பது விதி. அந்த இருபதை எட்டுவதற்கு மக்கள் என்னென்ன செய்வார்கள் என்பதைப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் பூட்டு பழுதுபார்ப்பவர்.

"முடிவைப் பையில வச்சுக்கிட்டுதானே எங்ககிட்ட கருத்து கேக்குறீங்க? அந்தப் பையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க சார்."

"திறக்குறது உங்க தொழில்தானே அண்ணே, நீங்களே திறந்துக்கோங்க" என்றாள் எதிரில் இருந்த தையற்காரி.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும் ஒன்றைக் கவனித்துக்கொண்டேன்: சிரிப்பதற்கு முன் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஒருத்தி சொல்ல, மற்றவர் பின்பற்றும் இடத்தில் கருத்து பலவாக இருக்க முடியாது.

மறுவாரம் நாற்பத்தொரு ஆட்சேபணைக் கடிதங்கள் வந்தன. முதல் மூன்றைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. எழுத்துகளின் கீழிறங்கும் கோடுகள் எல்லாம் துணியில் சுண்ணம் இழுத்தாற்போல ஒரே வளைவு. கையொப்பங்கள் வேறு வேறு. எழுதிய கை ஒன்று, தையற்காரியுடையது. எழுதத் தெரியாதவர்களும், எழுதக் கூச்சப்பட்டவர்களும் அவள் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து சொல்லச் சொல்ல, அவள் எழுதித் தந்தாள் என்று பின்னர்ச் சொன்னார்கள். பின்னர்ச் சொல்லப்படும் விளக்கங்களை நான் நம்புவதில்லை.

இங்கே என் மற்றொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஓய்வு நாட்களில் பழைய துதிப்பாடல்களின் பிரதிகளை ஒப்புநோக்குவேன். வேறு வழிபாடு நான் அறியேன். சில ஏடுகளில் மட்டுமே காணப்படும் ஓர் அடி, ஏனைய அடிகளைவிட இனிமையாக இருக்குமானால், அது பிற்காலத்தான் ஒருவன் நுழைத்த இடைச்செருகல். இறைவன் திருமுன் போலியை வைக்கலாகாது. ஆதலின் அதை நீக்கிவிடுவேன். நீக்கியதற்காக ஒருபோதும் வருந்தியதில்லை.

இருபத்தேழாம் கடிதத்தைத் தையற்காரி தன் பெயரிலேயே எழுதியிருந்தாள். கடையின் பின்கட்டில், பழைய கிடங்கின் மேல் ஓர் அறை இருக்கிறதாம்; அதில் அவள் அண்ணன் எட்டு ஆண்டுகளாகப் படுத்த படுக்கையாம். 'அவர் கட்டிலிலிருந்து பார்த்தால் சன்னலில் ஒரு கை அகலத்துக்கு வானம் தெரியும். வேறு வீடு தருவதானால் அந்த ஒரு கை வானமும் வேண்டும்.' இவ்வாறு முடிந்திருந்தது. நகரமன்ற வரைபடத்தில் அப்படியோர் அறையே இல்லை. கூட்டத்திலும் அண்ணனை எவரும் கண்டதில்லை. வாக்கியமோ மிக அழகாக இருந்தது. ஐயப்படுவதற்கு இம்மூன்றும் போதும்.

ஒரே கையால் எழுதப்பட்டவை ஒரே கருத்து எனக் கொண்டு, நாற்பத்தொன்றையும் ஒன்றாக எண்ணினேன். திங்கட்கிழமை அறிக்கை ஏற்கப்பட்டது. 'இதுபோல் ஐயந்திரிபறத் தொகுத்த அறிக்கையைக் கண்டதில்லை' என்று தலைமைப் பொறியாளர் கைப்படக் குறித்திருந்தார்.

செவ்வாய் காலை தையற்காரி என் மேசைக்கு வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்து ஓடி வந்திருக்கிறாள்.

"நாப்பத்தோரு பேரு எப்படி சார் ஒரு ஆளு ஆவாங்க? ஊருக்கே நான்தான் சட்டை தைக்கிறேன். அதுக்காக எல்லாரும் ஒரே ஆளா?"

"எழுத்து ஒன்னாத்தானேம்மா இருக்கு."

"மத்தவங்களை விடுங்க. எங்க அண்ணன் மேல கிடக்குறாரு. அந்த அறையே கணக்குல இல்லைன்னு போட்டிருக்கீங்களே. நேர்ல வந்து பாருங்க. பார்த்துட்டு இல்லைன்னு எழுதுங்க, நான் வாயைத் திறக்கல."

வருவதாகச் சொன்னேன். எப்படியும் வரைபடத்தில் இல்லாத கட்டடங்களைத்தான் முதலில் அகற்றுவதாக இருந்தது. அவற்றில் ஆளில்லை என்ற சான்றிதழில் ஒப்பமிட வேண்டியவனும் நானே. ஆளில்லாத கட்டடத்துக்கு முன்னறிவிப்பு தேவையில்லை என்பது விதி. அன்று மாலையே சென்றேன். வாசலில் பூட்டுக்காரர் நின்றிருந்தார்.

"மேலயா போறீங்க? போங்க. அவரு கீழ இறங்கி எட்டு வருசம் ஆச்சு. புது ஆளு முகம் பார்த்தா சந்தோசப்படுவாரு."

இவரும் நாற்பத்தொருவரில் ஒருவர். தன் வழக்குக்குத் தானே சாட்சி சொல்பவரின் சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? சான்றிதழில் 'ஆளில்லை' என்று எழுதினேன்.

மறுநாள் தையற்காரிக்குத் தொலைபேசியில் பேசினேன். வியாழக்கிழமை பத்தரைக்கு அலுவலகம் வந்து, என் முன்னிலையில் புதிதாக ஒரு கடிதம் எழுதித் தந்தால் தனிக் கருத்தாகப் பரிசீலிக்கலாம் என்றேன்.

"பத்தரைக்கு அண்ணனுக்கு மருந்து குடுக்கணுமே சார். குடுத்துட்டுப் பதினொன்னுக்கு வரட்டுமா?"

"பதினொன்னுக்கே வாங்க."

"ரொம்ப நன்றி சார். உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."

இடிக்கும் இயந்திரம் பதினொரு மணிக்கு வருமென்பது எனக்குத் தெரியும். அதை நான் மறைக்கவில்லை; அவள் கேட்கவில்லை. சரியான நேரத்துக்கு வந்தாள். வந்தது எனக்கு ஒருவகையில் ஆறுதலாகவே இருந்தது; உண்மையாகவே நோயாளி ஒருவர் இருந்தால், தங்கை இப்படித் தனியே விட்டு வருவாளா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். அவள் ஒவ்வோர் எழுத்தாக, பள்ளிப் பிள்ளைபோல் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஒரு கை வானம் என்ற இடத்துக்கு வந்தபோது பதினொன்று பத்து. பூட்டுக்காரர் இயந்திரத்தின் முன் நின்று கதறியதாகச் சொல்கிறார்கள். ஓட்டுநர் சான்றிதழை எடுத்துக் காட்டினாராம். அவர்மேல் குற்றமில்லை; எழுதியிருந்ததை நம்பினார்.

செவ்வாயன்று படியேறினேனா என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். ஏறினேன், ஐயா. பதினான்கு படிகள். கதவு ஒருக்களித்திருந்தது. தட்டினேன்.

"யாருங்க? தங்கச்சி கடையில இருக்கா. பரவாயில்ல, உள்ள வாங்க. அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கோங்க. துணி கிடந்தா எடுத்துக் கட்டில்ல போடுங்க."

உள்ளே சென்று அமர்ந்தேன். மெலிந்த மனிதர், புதிதாகத் தைத்த சட்டை அணிந்திருந்தார். சன்னலில் அந்த வானம் இருந்தது. நான் என் கையை நீட்டி அளந்துகூடப் பார்த்தேன்; சரியாக ஒரு கை. அவர் சிரித்தார்.

"நகரமன்றத்துல இருந்தா வர்றீங்க? எங்க மனு என்னங்க ஆச்சு?"

"பரிசீலனையில இருக்குங்க."

"அப்ப சரி. மெதுவாப் பாருங்க. நான் எங்க ஓடிடப் போறேன்?"

அவரிடம் விடைபெற்று, கதவை முன்பு இருந்தவாறே ஒருக்களித்துவிட்டு இறங்கினேன். கடைசிப் படியில் அமர்ந்துதான் சான்றிதழை நிரப்பினேன். ஏன் என்கிறீர்கள். இருபத்தேழாம் கடிதம் மெய்யென்றால் மற்ற நாற்பதையும் மெய்யென ஒப்ப வேண்டும். நாற்பத்தொன்றும் மெய்யென்றால் திங்களன்று ஏற்கப்பட்ட என் அறிக்கை பொய்யாகிவிடும். என் பதிப்பு எதிலும் இதுவரை ஒரு பிழைகூட எவரும் கண்டதில்லை.

என்மேல் பொய்ச் சான்று அளித்த குற்றத்தையும் சுமத்தியிருக்கிறீர்கள். அதை மட்டும் நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதியது ஒரே சொல். வியாழன் பதினொன்றேகாலுக்கு அது மெய்யாகிவிட்டது.