தாய்மாமன் மடி

புறநகரான ஹென்டர்சனிலிருந்து நகரத்துக்குப் போகும் காலை ரயில். என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னதைக் கேட்டதும் என் காது அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது.

“‘முஸ்லிம்களைப் பத்தி என்ன நினைக்கிறே?’ன்னு எங்கண்ணனைக் கேட்டா, ‘இரு, எலெக்‌ஷன் முடியட்டும், சொல்றேன்’ங்கிறான் அக்கா.”

பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்து அக்கா சிரித்தார். “அமெரிக்காவில இருக்கிற அண்ணையோ?”

“ஆமா. ஒரு தலைவர் மசூதிக்குப் போய் நல்லதா நாலு வார்த்தை பேசினாரு. இவன் உடனே வாட்ஸப்ல ‘எல்லாரும் சகோதரர்கள்’னு போட்டான். அடுத்து வந்தவரு அவங்களைப் பார்த்துப் பயப்படணும்னாரு. இவனும் பயந்துட்டான்.”

“அங்க கனபேர் உப்பிடித்தானாம். பயப்பிடவும் ஆள் வந்து சொல்லவேணும்.”

“இப்ப பாப்பாவுக்குக் காதுகுத்து வெச்சிருக்கேன். தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்தணும்? பிரியாணி போடப்போறது ஹில்ஸ்பரோவில இருக்கிற நம்ம பாய். ‘அவர் சமைச்சா நான் வரமாட்டேன்’ங்கிறான்.”

“முந்தி அவர் பாய் பிரியாணி சாப்பிட்டதே இல்லையோ?”

“மெட்ராஸ்ல காலேஜ் படிச்சப்ப வேற எதையுமே சாப்பிட்டதில்ல!”

மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனில் கூட்டம் ஏறியது. அக்கா குரலைத் தாழ்த்தினார். “அப்ப பாயை நிப்பாட்டப் போறியோ?”

“எதுக்கு? பாப்பா அவரை மாமான்னுதான் கூப்பிடுது. நேத்து அண்ணனுக்குப் போன் போட்டு, ‘நீ கஷ்டப்பட்டு வராதண்ணே, பாய் மடியில உக்கார வெச்சே குத்திடறோம்’னேன்.”

“ஐயோ! அதுக்கு என்ன சொன்னவர்?”

“போனை வெச்சுட்டான். காலையில பார்த்தா, பிளேன் டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கான்.”